மட்டக்களப்புக் குசினியில் இலைத்தேயிலை ருசி பார்க்கப் பழகுதல்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தேத்தண்ணி என்றால் தூள்தான். சாயம் கறுக்க இறங்கவேண்டும், ரின்பால் விட்டாலும் நிறம் நிற்கவேண்டும், இரண்டு கரண்டி சீனியையும் தாங்கவேண்டும். டஸ்ட் தேயிலை இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோப்பையில் மலைக்கு மலை மாறும் ருசி தெரியவராது. அதைப் பிடிக்க இலைத்தேயிலை வேண்டும். பாலும் சீனியும் விடாமல், இரண்டு மூன்று வகையை ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக வைத்துக் குடிக்கவேண்டும். இதற்குத் தனியாக ஒரு நாக்கு தேவையில்லை. ஒரே தண்ணீர், ஒரே நிறை, ஒரே நேரம், மாறுவது இலை மட்டும். இந்த ஒழுங்கைக் காப்பாற்றினால் ஒரு வாரத்தில் வித்தியாசம் பிடிபடும். தனிக் கோப்பையாக எவ்வளவு விலை உயர்ந்த தேயிலையைக் குடித்தாலும், ஒப்பிட ஒன்றில்லாமல் ‘நல்லாயிருக்கு’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராது.

முதலில் எதை வாங்குவது

வெளிநாட்டுத் தேயிலையில் தொடங்கவேண்டாம். நம் நாட்டிலேயே மூன்று வகையில் 50 கிராம் வீதம் வாங்குங்கள்: நுவரெலியா அல்லது டிம்புள்ள ஒன்று, ஊவா ஒன்று, ருகுணு ஒன்று. மூன்றும் கறுப்புத் தேயிலை, செடியும் ஒரே இனம். மண்ணும் உயரமும் காற்றும்தான் வேறு. இலங்கையில் சுமார் 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, 600 முதல் 1200 வரை இடைநிலம், அதற்கு மேலே உயர்நிலம். நுவரெலியாக் கோப்பை வெளிர் பொன்னிறமாக, மெலிந்து, பூவாசத்தோடு இருக்கும். தெற்கே காலி, மாத்தறைப் பக்கத்து ருகுணு தடித்து, கருஞ்சிவப்பாக, கருக்கிய சீனிப் பாகின் சாயலில் இருக்கும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எந்தப் புதியவருக்கும் வித்தியாசம் தெரியும். முதல் நாளில் அந்தத் தெளிவு முக்கியம்.

ஊவாதான் நமக்குக் கிட்டிய தேயிலை நாடு. செங்கலடிச் சந்தியில் திரும்பும் வீதி மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை தாண்டிப் பதுளைக்கு ஏறுகிறது. அங்கிருந்து நம் பக்கம் இறங்குவது பஸ்ஸும் மரக்கறி லொறியும் மட்டுமல்ல, கச்சான் காற்றும்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. மட்டக்களப்பில் உதட்டை வெடிக்கவைக்கும் அதே காற்று, வரும் வழியில் ஊவாவின் தேயிலைச் செடியையும் வாட்டிவிட்டுத்தான் வருகிறது. அந்த வாட்டத்தில் கொழுந்து மெதுவாக வளர்ந்து, வாசப்பொருள் அதில் கூடுகிறது. அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். தசைநோவுக்குப் பூசும் தைலத்தை நினைவுபடுத்தும் குளிர்ந்த வாசம் அதனுடையதே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறித்த நல்ல ஊவாவில் இது தெளிவாக வரும். மற்ற மாதத்து ஊவாவில் அதைத் தேடி ஏமாறவேண்டாம். அதே மாதங்களில் டிம்புள்ளவின் மேற்குச் சரிவு மழையில் நனைந்துகொண்டிருக்கும்; டிம்புள்ளவுக்கும் நுவரெலியாவுக்கும் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகவே பைக்கற்றில் முதலில் தேடவேண்டியது பிரதேசத்தின் பெயர், அடுத்தது மாதம். பறித்த மாதத்தைப் போடாத பைக்கற்றே அதிகம். பொதி செய்த திகதியாவது பார்த்து வாங்குங்கள்.

பைக்கற்றில் உள்ள ஓ.பி. (ஒரேஞ்ச் பீக்கோ), பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ), பி.ஓ.பி.எஃப். (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ ஃபனிங்ஸ்) என்ற எழுத்துகளைப் பார்த்துத் தரத்தை எடைபோடுவது பலரும் செய்யும் பிழை. அவை இலையின் அளவையும் உருவத்தையும் சொல்பவை. ஓ.பி. நீண்டு முறுகிய முழு இலை, பி.ஓ.பி. உடைந்தது, பி.ஓ.பி.எஃப். அதைவிடச் சிறிது, டஸ்ட் கடைசி. அதிலுள்ள ‘ஒரேஞ்ச்’ என்ற சொல்லுக்கும் தோடம்பழத்துக்கும் சம்பந்தமே இல்லை. இலை சிறுக்கச் சிறுக்கச் சாயம் விரைவாக இறங்கும். அதனால் ஒப்பிடும்போது மூன்றும் ஒரே அளவு இலையாக இருக்கவேண்டும். மூன்றும் பி.ஓ.பி.யாக வாங்குவது புதியவருக்கு வசதி. நுவரெலியா ஓ.பி.யையும் ருகுணு டஸ்ட்டையும் ஒப்பிட்டுவிட்டு ‘நுவரெலியா சாயமில்லை’ என்று சொன்னால், அது இலையின் அளவைப் பற்றிய தீர்ப்பு, மலையைப் பற்றியதல்ல.

தண்ணீர்

புதியவர்கள் கவனிக்காமல் விடுவதும், நம் பக்கத்தில் அதிகம் கெடுப்பதும் இதுதான். வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் வெட்டிய கிணறுகளில் பலவற்றுத் தண்ணீர் வன்தண்ணீர், சிலவற்றில் உவர்ப்பும் உண்டு. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் அந்தத் தண்ணீரில் சாயம் மங்கிய மண்ணிறமாகத்தான் வரும், பூவாசம் அமுங்கிவிடும். அதிலுள்ள கல்சியம் தேயிலைச் சத்தோடு சேர்ந்து மேலே மெல்லிய ஆடையாகப் படியும். கரண்டியால் தொட்டால் அந்த ஆடை உடைந்து தகடு தகடாக மிதக்கும், கோப்பையின் உட்சுவரிலும் மண்ணிறக் கோடாக ஒட்டும். தேசிக்காய்ப் புளி விட்ட தேத்தண்ணியில் இந்த ஆடை படியாது. பிளேன்டியில் தேசிக்காய் பிழிந்து குடிப்பவர்கள் இதைக் காணாமலே இருப்பதன் காரணம் அதுதான்.

சாயம் ஆறும்போது கலங்குவது வேறு விஷயம். நல்ல தடிப்பான தேயிலை ஆறினால் ஒரு சொட்டுப் பால் விட்டதுபோல முழுவதும் மங்கும். மேலே ஆடை இருக்காது, திரும்பச் சூடாக்கினால் தெளிந்துவிடும். அது குறையல்ல, சத்துள்ள தேயிலையின் அடையாளம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல தேயிலையை வீசியவர்கள் உண்டு.

குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு கூட இருந்தால் சாயம் மை ஊற்றியதுபோல் கறுத்துப்போகும். அந்தத் தண்ணீரில் ருசி பார்க்கவே வேண்டாம். பைப் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால், அகன்ற பாத்திரத்தில் மெல்லிய துணியால் மூடி ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மூடி போடாமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டாலும் குறையும். போத்தல் தண்ணீர் என்றால் லேபலில் கரைந்த திண்மங்களின் அளவைப் பாருங்கள். லீற்றருக்கு 50 முதல் 150 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. ஆர்.ஓ. வடிகட்டியில் வரும் தண்ணீரும் பாவிக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் உருவிவிட்ட தண்ணீரில் தேத்தண்ணி சப்பென்று இருக்கும். அப்படி இருந்தால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு நல்ல குடிதண்ணீர் கலவுங்கள். எதைத் தெரிந்தெடுத்தாலும் ஒரே தண்ணீரில் நில்லுங்கள். இன்று கிணறு, நாளை போத்தல் என்றால் எதை ருசி பார்த்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

சாமான்கள்

ஒரே அளவான வெள்ளைக் கோப்பைகள் ஆறு, மூடச் சோசர் மூன்று, ஒரு வடி, மணிக்கூடு, கேத்தல். கோப்பை உள்ளே வெள்ளையாக இருக்கவேண்டும். நிறமுள்ள கோப்பையிலும் எவர்சில்வர் கப்பிலும் சாயத்தின் நிறம் பொய் சொல்லும். பிளாஸ்ரிக் கூடவே கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவினால், பிறகு சுடுதண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருந்தால் வேலை லேசு. இல்லாவிட்டால் புதிய 50 கிராம் பைக்கற் ஒன்றைத் தாளில் கொட்டி, மட்டமாக வழித்த தேக்கரண்டியால் எண்ணி எண்ணித் திரும்பப் போடுங்கள். 20 கரண்டி வந்தால் ஒரு கரண்டி 2.5 கிராம், 25 வந்தால் 2 கிராம். ஒவ்வொரு தேயிலைக்கும் தனித்தனியாக எண்ணவேண்டும், ஏனென்றால் முறுகிய பெரிய இலை கரண்டியில் கொஞ்சம்தான் நிற்கும். தண்ணீர் அளக்க, குழந்தையின் சூப்பிப் போத்தலில் உள்ள கோட்டைப் பாருங்கள். 150 மில்லிலீற்றர் பச்சைத்தண்ணீரை அளந்து கோப்பையில் ஊற்றி, மட்டம் நிற்கும் இடத்தை வெளியே பேனையால் குறித்துக்கொள்ளுங்கள்.

சாயம் இறக்குவது

காலையில், சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலமாவது போன பிறகு தொடங்குங்கள். மீன்குழம்பு, கொச்சிக்காய்ச் சம்பல், வெற்றிலை, சுருட்டு எல்லாம் நாக்கை நீண்டநேரம் பிடித்து வைத்திருக்கும். பல் தீட்டிய உடனும் வேண்டாம். குசினியில் தாளிதம் நடக்கும் நேரமும் வேண்டாம். ருசியில் பெரும்பங்கு மூக்கால் வருவது.

1. கோப்பைக்கு 3 கிராம் தேயிலை போடுங்கள். 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் என்பது ருசி பார்ப்பதற்கான சர்வதேசத் தரநிர்ணயத்தின் கணக்கு. ஐ.எஸ்.ஓ. 3103 என்று அதற்குப் பெயர், முதலில் வந்தது 1980இல். தேத்தண்ணி போட ஆறு பக்கத்தில் விதி எழுதியதற்காகப் பிரித்தானியத் தரநிர்ணய நிறுவனத்துக்கு 1999இல் இக் நோபல் என்ற கேலிப்பரிசும் கிடைத்தது. சிரித்தாலும் கணக்கு சரியான கணக்குத்தான்.

2. தண்ணீர் பெரிய குமிழியாகப் புரண்டு கொதித்ததும், மூன்று கோப்பையிலும் குறித்த கோடுவரை அடுத்தடுத்து ஊற்றிச் சோசரால் மூடுங்கள். கறுப்புத் தேயிலைக்குக் கொதிதண்ணீரே வேண்டும். ஆறிய தண்ணீரில் சாயம் அரைகுறையாக இறங்கும்.

3. ஆறு நிமிடம். கிளறவேண்டாம், சோசரைத் தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். குடிப்பதற்கு இது கடுப்பம்தான், ஆனால் தேயிலையின் குறை நிறை இரண்டும் வெளியே வரவேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நேரம். பிடித்த தேயிலையைக் கண்டபிறகு, குடிக்கப் போடும்போது 200 மில்லிலீற்றருக்கு 2.5 கிராம், மூன்று நான்கு நிமிடம் போதும்.

4. வெறுங் கோப்பை மூன்றுக்கு வடித்து எடுங்கள், கடைசிச் சொட்டுவரை. அவித்த இலையை வீசாமல் சோசரில் பரப்பி, அந்தந்தக் கோப்பைக்கு முன்னால் வையுங்கள்.

5. வாய் சுடாத சூடு வரும்வரை பொறுங்கள்.

பார்ப்பது, மணப்பது, உறிஞ்சுவது

முதலில் சோசரில் உள்ள இலையைப் பாருங்கள். புதிதாகப் புளிபோட்டு மினுக்கிய செம்புக்குடத்தின் நிறம் வந்தால் நன்றாகப் பதப்படுத்திய தேயிலை. பச்சை கலந்திருந்தால் சரியாக நொதிக்கவில்லை, சாயமும் பச்சையாகக் கடிக்கும். முழுக்கக் கறுத்து மங்கியிருந்தால் நொதிப்பு மிஞ்சிவிட்டது அல்லது சூட்டில் கருகிவிட்டது. சூடு இருக்கும்போதே அந்த இலையைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாருங்கள். புகை, புளிப்பு, பூஞ்சணம், சாக்கு வாடை எல்லாம் சாயத்தைவிட அவித்த இலையில் முந்தித் தெரியும்.

பிறகு சாயம். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்து, கோப்பையின் விளிம்பில் சாயம் மெலிந்து தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே பொன்னிற வளையம் ஒன்று ஓடினால் நல்லது. நிறம் கறுப்பா வெளுப்பா என்பது பெரிய விஷயமல்ல, அது துலங்குகிறதா மங்குகிறதா என்பதே கேள்வி.

இனி ருசி. ஒரு மேசைக்கரண்டி அள்ளி, சத்தம் வர உறிஞ்சுங்கள். விருந்தாளி முன்னால் செய்தால் மரியாதைக் குறைவு. இங்கே அதுதான் முறை. காற்றோடு சேர்ந்து சாயம் துமியாகச் சிதறி வாய் முழுக்கப் படும், வாசம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகும். இரண்டு மூன்று விநாடி வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுங்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவே கரண்டியை வெந்நீரில் அலசவேண்டும். இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை போங்கள். முதல் கோப்பை எப்போதும் கடுப்பமாகத் தெரியும் என்பதால் திரும்பி வருவது அவசியம். ஆறியபிறகு மூன்றாம் முறை. குறைகள் ஒளியமுடியாத நேரம் அதுதான்.

ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ருசியைத் தேடவேண்டாம். நம்மிடம் சொல் இருக்கிறது. கைப்பும் கயரும் ஒன்றல்ல என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்: பாகற்காய் கைக்கும், நாவற்பழம் கயர்க்கும். கைப்பு நாக்கில் ருசியாக நிற்பது. கயர் ருசியல்ல, கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடிக்கும் உணர்வு. நல்ல உயர்நிலத் தேயிலையில் கயர் சுறுக்கென்று வந்து உடனே விட்டுவிடும், வாய் சுத்தமாகும், நீர் ஊறும். கெட்ட தேயிலையிலும், அதிகநேரம் அவிந்த தேயிலையிலும் கயர் விடாமல் நாக்கில் மாப்போலத் தங்கும். இந்த ஒன்றைப் பிரித்தறியப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. அடுத்தது தடிப்பு: வாயில் தண்ணீர்போல் ஓடுகிறதா, பழஞ்சோற்றுத் தண்ணிபோல் நிறைந்து நிற்கிறதா? கடைசியில்தான் வாசம். வைக்கோல், தேன், ஈரமண், புளியம்பழம், மல்லிகை, வறுத்த எள்ளு, எதுவாயினும் முதலில் மனதில் வந்ததை எழுதி வையுங்கள். மற்றவர் சொல்லைக் கேட்டபிறகு எழுதினால் அது அவர் ருசி. இரண்டு மூன்று பேர் சேர்ந்து பார்ப்பதென்றால், எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது.

எங்கே பிழைக்கிறது

மூன்று கோப்பையும் ஒரே ருசியாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். அடுத்த சந்தேகம் பழைய தேயிலை. மூன்றுமே கைத்தால் அளவு கூடிவிட்டது அல்லது வடித்தபின் தூள் கோப்பையில் கிடக்கிறது. ஒரு கோப்பை மட்டும் சப்பென்றால், அந்தக் கோப்பைக்கு ஊற்றும்போது கேத்தல் ஆறிவிட்டதா என்று பாருங்கள். புகைவாடை ஒன்றில் மட்டும் வந்தால் பெரும்பாலும் தொழிற்சாலையில் உலர்த்தும் சூளையில் பிடித்தது. எல்லாவற்றிலும் வந்தால் உங்கள் விறகடுப்பு.

தேயிலையைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடவேண்டும். பாலுக்கும் இஞ்சிக்கும் அது சரி. இலைத்தேயிலையில் வாசம் ஆவியோடு போய்விடும், கயர் மட்டும் மிஞ்சும்.

ஒருமுறைக்கு நான்கு கோப்பைக்கு மேல் புதியவருக்குத் தாங்காது. துப்பாமல் விழுங்கினால் நித்திரையும் குழம்பக்கூடும். இரத்தச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டோடு தேத்தண்ணியைச் சேர்க்காமல் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுவது நல்லது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதை அது தடுக்கும்.

பிறநாட்டுத் தேயிலைக்குப் போகும்போது

உள்ளூர் மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிய வந்தபிறகு மற்றவற்றை வாங்கலாம். பெரிய வித்தியாசம் தண்ணீரின் சூட்டில். பச்சைத் தேயிலையில் கொதிதண்ணீரை ஊற்றுவதால்தான் ‘அது கைக்கும்’ என்ற பெயர் வந்தது. வெப்பமானி தேவையில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் நம் வீட்டில் 30 பாகையளவில் நிற்கும். மூன்று பங்கு கொதிதண்ணீருக்கு ஒரு பங்கு ஆறியது கலந்தால் ஏறத்தாழ 80 பாகை. இரண்டுக்கு ஒன்று என்றால் 75. பாதிக்குப் பாதி என்றால் 60 சொச்சம்.

சீனத்து லொங்ஜிங் இரும்புத் தாச்சியில் வாட்டிய பச்சைத் தேயிலை: 80 பாகை, இரண்டு நிமிடம், வறுத்த பயறின் வாசம். ஜப்பானின் செஞ்சா ஆவியில் அவித்தது: 75 பாகை, ஒரு நிமிடம், அவித்த கீரையும் கடற்பாசியும் சேர்ந்த மணம். நிழல் போட்டு வளர்க்கும் கியொகுரோவுக்கு 60க்கு மேல் போகக்கூடாது. சில்வர் டிப்ஸ் என்று விற்கும் நம் நாட்டு வெள்ளித்தளிர் மொட்டு 80 பாகையில் ஐந்து நிமிடம் கேட்கும். அது பஞ்சுபோல் இருப்பதால் கரண்டிக் கணக்கு செல்லாது, நிறுக்கத்தான் வேண்டும்.

டார்ஜிலிங்கின் வசந்தகால முதல் பறிப்பு கறுப்புத் தேயிலை என்று விற்றாலும் பாதி பச்சையாகத்தான் இருக்கும். 90 பாகை, மூன்று நிமிடம். மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்பில் முந்திரிகைப்பழ (திராட்சை) வாசம் தேடலாம். அசாம் கொதிதண்ணீரில் நான்கு நிமிடம். முளைகட்டி உலர்த்திய பார்லியின் (மோல்ட்) வாசமும் தடிப்பும் உள்ளது, பால் விட்டாலும் தப்பில்லை. பாதி நொதித்த ஊலோங் தனி உலகம்: 150 மில்லிலீற்றருக்கு 5 கிராம், 95 பாகை, ஒரு நிமிடத்தில் வடித்து, அதே இலையில் நான்கைந்து முறை ஊற்றலாம். இரண்டாம் மூன்றாம் ஊற்றுத்தான் அதன் நல்ல ஊற்று.

வைத்துப் பாதுகாப்பது

தொழிற்சாலையிலிருந்து வரும் தேயிலையில் ஈரம் மூன்று நான்கு வீதம்தான். கார்த்திகை, மார்கழி மழையில் திறந்து வைத்தால் சில நாளில் இலை காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். விரலிடையே நசுக்கிப் பாருங்கள்: மொறுக்கென்று உடைந்தால் நல்லது, வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. ஈரம் ஏறியதைக் காய்ந்த தாச்சியில் மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் குடிக்கலாம், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இனி உதவாது.

தேயிலை வாடையையும் அப்படியே குடிக்கும். கருவாடு, பெருங்காயம், சவர்க்காரம், மிளகாய்த்தூள் இருக்கும் தட்டில் வைக்கவே கூடாது. கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்தில் தேயிலை விற்கும் கடையில் வாங்கவும் கூடாது. பால்மா ரின் வசதியானதுதான், ஆனால் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைத்து, மூடியைத் திறந்து மணந்தால் ஒன்றும் வராதபோதுதான் தேயிலையைப் போடவேண்டும். கண்ணாடிப் போத்தல் என்றால் வெளிச்சம் படாத அலுமாரி. பிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்துத் திறந்த உடனே இலையில் தண்ணீர் வேர்க்கும். 50 கிராமுக்கு மேல் ஒரேயடியாக வாங்காமல், ரின்னின் அடியில் திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். கறுப்புத் தேயிலை நன்றாக மூடியிருந்தால் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கும். பச்சைத் தேயிலையைத் திறந்து இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடவேண்டும்.